தனாக்ராப் பெண் சிலை: வாங்க முதல் முதுகைப் பாருங்கள்

பாரிசிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் கொண்டுவந்து தந்த சிலை இது, பழைய கிரேக்கச் சிலை ஒன்றின் பிரதி. ஒரு சாணைவிடக் கொஞ்சம் உயரம், 38 யூரோ. நான் கிளிநொச்சியில் சித்திரம் படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நானே கேட்டு எடுப்பித்தேன்.

மூலச் சிலைகள் கிரேக்கத்தின் பொயோட்டியாவில், தனாக்ரா என்ற ஊரின் பழைய கல்லறைகளிலிருந்து 1870களில் ஏராளமாக வெளிவந்தவை. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 3ஆம் நூற்றாண்டிலும் செய்தவை. பெரும்பாலும் போர்த்திக்கொண்டு நிற்கிற சாதாரணப் பெண்கள்தான். சிலர் கையில் விசிறி, சிலர் தலையில் கூம்புத் தொப்பி.

என்னுடைய சிலையில் துணி அருமை. கால்வரை தொங்கும் உள்ளங்கி, மேலே சுற்றிய போர்வை. வலது கை முழுக்கப் போர்வைக்குள். அந்தக் கை உள்ளேயிருந்து துணியை இழுத்துப் பிடிக்க, முழங்கையிலிருந்து மடிப்புகள் இடுப்பை நோக்கி விரிந்து ஓடுகின்றன. கை வெளியே இல்லை, ஆனாலும் விரல்கள் மடங்கியிருப்பது தெரிகிறது. வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போனால் நந்திக்கடல் காற்றுக்கு அம்மா சீலைத் தலைப்பை இப்படித்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பா.

அப்புறம் திருப்பிப் பார்த்தேன், மனம் விட்டுப்போச்சு. முதுகில் துளை இல்லை. உள்ளே கோறையும் இல்லை; கனத்த பிசின் வார்ப்பு. மூலச் சிலையின் முன்பக்கத்தை அச்சில் அழுத்தி எடுப்பார்கள், தலையைத் தனியாகச் செய்து பொருத்துவார்கள், உள்ளே கோறையாக விட்டு முதுகில் ஒரு துளை வெட்டுவார்கள். சுடும்போது ஆவி போக வழி வேண்டுமே. போன தவணை இரணைமடுக் களியில் பிள்ளைகள் கட்டியாகப் பிடித்த பொம்மைகளை உமி போட்டுச் சுட்டபோது ஐந்து வெடித்துவிட்டன. ஒரு பிள்ளை அழுதே விட்டது. அந்தத் துளையைக் காட்டத்தான் இந்தச் சிலையைக் கேட்டேன்.

வண்ணமும் பளபளக்கிறது. மூலத்தில் வெள்ளைக் களிப்பூச்சு பூசிச் சுட்டு, அதன்மேல் இளஞ்சிவப்பும் நீலமும் தீட்டினார்கள். சுட்ட பிறகு தீட்டிய வண்ணம் என்றபடியால் பலதில் உதிர்ந்துபோயிருக்கும். அந்த மங்கல் இதில் துளியும் இல்லை.

மடிப்பு வரையப் பழகுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மண்வேலை படிப்பிக்கிறவர்கள் சுடுமண்ணில் செய்த பிரதியா, முதுகில் துளை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மச்சானிடம் துளையுள்ள ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.