பாறைக் குட்டைக்கு ஏற்ற கேமரா: ஒலிம்பஸ் டஃப் டிஜி-6

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரின் தெற்கே, பிளஃப் குன்றின் அடிவாரத்தில் உள்ள டிரெஷர் பீச் பாறைகளுக்கு மூன்று ஆண்டுகளாக இந்தக் கேமராவுடன் போய் வருகிறேன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் இந்தக் கரையில் காலை பத்து மணி வாக்கில் கடல் நன்றாக வற்றிவிடும். எங்கள் வீட்டில் அமாவாசை எப்போது என்று காலண்டரைப் பார்ப்பதற்கு விரதத்தோடு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது. நீர் திரும்பி ஏறுவதற்குள் துறவி நண்டு, கடல் சாமந்தி, கடல் முள்ளெலி, கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி என எதை வேண்டுமானாலும் முழங்கால் நனையாமலே பார்க்கலாம்.

2019-இல் வெளிவந்த டிஜி-6, சட்டைப் பையில் அடங்கும் 12 மெகாபிக்சல் கேமரா. தனி உறை இல்லாமலே 15 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும். குட்டையோரத்தில் குனிந்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி அதன் மைக்ரோஸ்கோப் முறை. லென்சுக்கு 1 செ.மீ. தொலைவில் இருப்பதையும் அது துல்லியமாகப் பிடித்துவிடும். நீர்ப்பரப்பில் வானம் பளபளத்து எதையும் மறைக்கும் நேரத்தில், கேமராவின் முகத்தை அப்படியே குட்டைக்குள் அமிழ்த்திவிட்டால் அந்தப் பளபளப்பு அடியோடு மறைந்துவிடுகிறது.

பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசைச் சொல்ல வேண்டும். வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அது பாறையின் ஒரு புடைப்பாகவே தெரியும். அலை வந்து மூடியதும் உச்சியில் உள்ள சிறு கதவுகள் திறக்க, இறகு போன்ற கால்கள் வெளியே நீண்டு, உணவை வாரிக்கொண்டு மடங்கும். அந்த வீச்சைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் பிந்திவிடும். ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடிக் காட்சிகளையும் சேர்த்துப் பதியும் ‘ப்ரோ கேப்சர்’ இருந்ததால்தான், விரிந்த கால்களில் உள்ள மயிரிழைகள் வரை எனக்குக் கிடைத்தன.

இவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே உயிரினத்தின் மேல் விழும் என்பதுதான் சிக்கல். எல்ஜி-1 என்னும் ஒளி வளையத்தைத் தனியாக வாங்கி மாட்டினால், கேமராவின் எல்ஈடி விளக்கொளி லென்சைச் சுற்றிலும் சீராகப் பரவும். அதற்குள் பேட்டரியும் கிடையாது, மின்கம்பியும் கிடையாது. அந்த வளையம் இல்லாமல் மைக்ரோஸ்கோப் முறைக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பேன். விளக்கு எரிய எரிய கேமராவின் பேட்டரி வேகமாகக் குறையும் என்பதால் இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கற்களுக்கு ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ கைகொடுக்கிறது. வெவ்வேறு தூரங்களில் எடுத்த பல படங்களைக் கேமராவே ஒன்றாக்கித் தருவதால், மேடுபள்ளமான கல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒருசேரத் தெளிவாகின்றன. இந்தக் கரையின் மணற்கல்லை அப்படி எடுத்துப் பார்த்தேன்: சுண்ணாம்பு பிடித்துவைத்த மணிமணியான மணலும், நடுநடுவே உடைந்த சிப்பித் துண்டுகளும், கடலை மிட்டாயை உடைத்த இடத்தைப் போல இருந்தன. படத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். அசையும் நண்டுக்கு இந்த முறை உதவாது; படம் இரட்டையாகிவிடும்.

குறைகளும் உண்டு. திரை மடங்காது, ஆகவே பாறையில் கன்னத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சென்சர் சிறியது என்பதால் மேகமூட்டமான நேரத்தில் எடுத்த படத்தில் புள்ளிகள் தெரியும்.

படமெடுப்பதற்காக எதையும் பெயர்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஆளியைப் பறிப்பது குற்றம். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் செத்துப்போகும்.

2023-இல் வந்த டிஜி-7 பெரும்பாலும் இதே கேமராதான், சார்ஜ் செய்யும் துளை யுஎஸ்பி-சி ஆகியிருக்கிறது. எல்ஜி-1 அதற்கும் பொருந்தும். பழைய டிஜி-6 மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பேட்டரிக் கதவைத் திறந்து, உள்ளே ஓடும் ரப்பர் அடைப்பில் வெடிப்போ மணலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.