ஒரே வாசகர், வேறு வேறு கணக்கு: எந்த அலசல் கருவி எதற்கு?

ஓர் இணையதளத்தில் வருகைகளை எண்ணிக் காட்டும் இரண்டு அலசல் கருவிகளைப் பொருத்திவிட்டு, கூடவே சர்வர் லாக்கையும் (சர்வருக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் குறிக்கும் பதிவேட்டை) திறந்து பாருங்கள். நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் கிடைக்கும். வித்தியாசம் சில தளங்களில் கொஞ்சமாக இருக்கும். சில தளங்களில் ஒரு கருவி மற்றதைப் போல் இரண்டு மடங்கு காட்டும். 'எதை நம்புவது?' என்று அப்போது தலையைப் பிடித்துக்கொள்கிறோம். எல்லாமே தத்தம் கணக்கில் சரிதான். ஒன்று சர்வரில் நின்று எண்ணுகிறது, ஒன்று வாசகரின் பிரவுசருக்குள் நின்று எண்ணுகிறது, இன்னொன்று தேடுபொறியின் பக்கத்திலிருந்து எண்ணுகிறது. நிற்கும் இடம் மாறினால் கண்ணில் படுவதும் மாறும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். வசதிப் பட்டியல் அப்புறம்.

களத்தில் இருப்பவை பல. இங்கே நான் எடுத்துக்கொள்வது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, மாடோமோ, ப்ளாசிபிள், லாக் படிக்கும் கோஅக்ஸஸ் ஆகிய நான்கையும். துணைக்கு சர்ச் கன்சோல், மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி, பிறகு வேகத்தை அளக்கும் கருவிகள்.

ஒரு வருகையை மட்டும் பார்ப்போம்

ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தன் ஐஃபோனில் தட்டுகிறார். கட்டுரை திறக்கிறது. ஏழு நிமிடம் பொறுமையாகக் கடைசி வரி வரை படிக்கிறார். வேறு எதையும் தட்டாமல் மூடிவிடுகிறார். ஒன்பது நாள் கழித்து, அதே தளத்தின் இன்னொரு கட்டுரைக்கு மறுபடியும் வருகிறார்.

சர்வர் லாக்கில் அவருடைய முதல் வருகை ஒரு வரி: ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கத்தின் முகவரி, பக்கம் சரியாகக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் 200 என்ற நிலைக்குறி, அனுப்பிய பைட்டுகள், எங்கிருந்து வந்தார் என்ற இடத்தில் வெறும் கோடு, கடைசியில் பிரவுசரின் அடையாளம். படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் தனித்தனி வரிகள் பின்தொடரும். ஏழு நிமிடம் படித்தார் என்பது லாக்குக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தைக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அவரை ஈடுபாடுள்ள வாசகராகக் கணக்கிடும். 10 விநாடிக்கு மேல் நீடித்த அமர்வு, இரண்டு பக்கங்களாவது பார்த்த அமர்வு, அல்லது நாம் முக்கியம் என்று குறித்த ஒரு செயல் நடந்த அமர்வு. இவற்றில் ஒன்று இருந்தால் போதும் என்பது அதன் விதி. மாடோமோ அதே வருகையை, ஒரே பக்கத்தோடு திரும்பியவர் என்று 'பௌன்ஸ்' கணக்கில் எழுதும். நேரம் என்ற இடத்தில் பூஜ்யம் போடும்! ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் அது இயல்பாக அளக்கிறது. அடுத்த பக்கம் இல்லையென்றால் அளக்க எதுவுமில்லை. 'ஹார்ட்பீட்' என்ற அமைப்பை நாமே இயக்கினால் இந்தக் குறை தீரும். அது தெரியாமல், தன் நீண்ட கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை என்று முடிவு கட்டி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எங்கிருந்து வந்தார்? செயலியிலிருந்து வந்ததால் முந்தைய பக்கத்தின் முகவரி பிரவுசரிடம் இல்லை. எனவே எல்லாக் கருவிகளும் அவரை 'நேரடி வருகை' என்ற பெட்டியில் போடும். அந்தப் பெட்டி பெருத்திருந்தால், 'நம் தளத்தின் பெயரை மனப்பாடமாகத் தட்டி வருகிறார்கள்' என்று மகிழ வேண்டாம். பகிரும் இணைப்பின் வாலில், அது எங்கே பகிரப்பட்டது என்று சொல்லும் யூடிஎம் குறிகளைச் சேர்த்தால் மட்டுமே உண்மை தெரியும். கூகுள் 2005-இல் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துதான் அந்த 'யூ'. இருபது ஆண்டுப் பழசானாலும், இந்தக் குறிகளைப் பெரும்பாலான கருவிகள் புரிந்துகொள்கின்றன.

ஒன்பது நாள் கழித்து வந்தபோது? சஃபாரி பிரவுசர், ஸ்கிரிப்ட் வழியாக வைக்கப்படும் குக்கீகளை (வந்தவரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகளை) 7 நாளில் அழித்துவிடும். ஆகவே கூகுளுக்கும் மாடோமோவுக்கும் அவர் புதியவர். ப்ளாசிபிளுக்கோ மறுநாளே புதியவராகியிருப்பார். அது குக்கீயே வைப்பதில்லை. ஐபி முகவரியையும் பிரவுசர் அடையாளத்தையும் கலந்து ஒரு குறியீடு உண்டாக்குகிறது. அந்தக் கலவைக்கான ரகசியச் சேர்க்கை நாள்தோறும் மாறி, பழையது அழிக்கப்படுகிறது. ஒருவர் ஐந்து நாள் வந்தால் ஐந்து பேர். 'திரும்பி வருவோர்' என்ற எண்ணின் மேல் கட்டப்படும் எந்த முடிவையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், எந்தக் கருவி சொன்னாலும்.

கூகுள் அனலிட்டிக்ஸ்: யாருக்குத் தேவை, யாருக்குச் சுமை

கூகுளில் விளம்பரம் செய்கிறவர்களுக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு. எந்த விளம்பரத்தைத் தட்டியவர் கடைசியில் படிவத்தை நிரப்பினார் என்று கோத்துக் காட்டும். தினம் 10 லட்சம் நிகழ்வுகள் வரை கச்சாத் தரவைக் கட்டணமில்லாப் பதிப்பிலிருந்தே பிக்குவெரி என்ற கூகுளின் தரவுக் கிடங்குக்கு அனுப்பலாம். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி தெரிந்தவர் கையில் இது பெரிய ஆயுதம். ஆனால் இணைத்த நாளிலிருந்துதான் தரவு போகும். பழையதைப் பின்னோக்கி வாங்க முடியாது. அதனால் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக்கூடாது.

தள்ளிப் போடக்கூடாத இன்னொன்று, தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற அமைப்பு. நாமாக மாற்றாவிட்டால் விரிவான ஆய்வுப் பகுதிக்கான தரவு 2 மாதம்தான் தங்கும். 14 மாதம் என்று மாற்ற ஒரு சொடுக்கு போதும். போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட நினைக்கும்போதுதான் பலருக்கு இந்த அமைப்பு இருப்பதே தெரிகிறது.

சுமை எங்கே என்றால், சாதாரணக் கேள்விக்குக்கூட நான்கு திரை கடக்க வேண்டும். வயது, பாலினம் போன்ற விவரங்களில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனியுரிமை கருதி அந்த வரிகளையே மறைத்துவிடும். இன்று நடந்தது முழுதாகத் தெரிய ஒன்றிரண்டு நாளாகும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் எளிதில் கடக்க முடியாதது, யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ற முந்தைய பதிப்பு மூடப்பட்ட விதம். 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு நின்றது. ஓராண்டில் பழைய அறிக்கைகளைத் திறக்கும் வழியும் அடைந்தது. ஏற்றுமதி செய்து வைத்திருக்காதவர்களுக்குப் பல ஆண்டுச் சரித்திரம் போயே போனது. தரவு பிறர் வீட்டில் இருந்தால் பூட்டும் அவர்களுடையதுதான்.

மாடோமோவா, ப்ளாசிபிளா?

அந்தக் கோபத்தில் வெளியேறியவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் சந்திப்பு இது. இரண்டுமே திறந்த மூலம், இரண்டையும் நம் சர்வரிலேயே நிறுவலாம். ஒற்றுமை அத்தோடு சரி.

மாடோமோ 2007-இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018-இல் பெயர் மாறியது. கூகுள் கருவி செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைத் தானும் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு உண்டு. தனிப்பட்ட வருகையின் படிப்படியான பயணம், இலக்குகள், தளத்துக்குள் தேடப்பட்ட சொற்கள் எல்லாம் கிடைக்கும். பழைய சர்வர் லாக்குகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், முறையாக அமைக்கப்பட்ட மாடோமோவை வாசகரின் முன்அனுமதி கேட்காமலே பயன்படுத்த விடுகிறது. இதற்கெல்லாம் நாம் கொடுக்கும் விலை பராமரிப்பு. வருகை கூடக் கூட மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வீங்கும். அறிக்கைகளைப் பின்னணியில் தயாரிக்கும் கிரான் வேலையை அமைக்காமல் விட்டால், டாஷ்போர்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் மூச்சு வாங்கும். சர்வர் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் சொந்த நிறுவலில் இறங்க வேண்டாம்.

ப்ளாசிபிள் 2019-இல் வந்தது. எஸ்டோனியாவில் பதிவான சிறு குழுவினர் நடத்துகிறார்கள். ஒரே திரை. மேலே வரைபடம், கீழே பக்கங்கள், வந்த வழிகள், நாடுகள், வாசகர்களின் சாதனங்கள். எதைத் தட்டினாலும் மற்றவை அதற்கேற்பச் சுருங்கும். ஸ்கிரிப்ட் சில கிலோபைட்டுக்குள் அடங்கும் என்பதால் வேகத்தை அளக்கப் போய் வேகத்தையே குறைக்கும் அபத்தம் நேராது. ஒரு தனி வாசகரின் பாதையை நாள் கடந்து தொடர இதில் முடியாது. அது குறையல்ல, வேண்டுமென்றே விடுத்தது.

எழுத்து, செய்தி, ஆவணம் என்று இயங்கும் தளங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ப்ளாசிபிள் அல்லது அதைப் போன்ற இலகுவான ஒன்று. தினமும் திறந்து பார்க்கப்படும் எளிய கருவி, திறக்கப்படாத வல்லமையான கருவியைவிட மேல். பொருள் விற்கும் தளமென்றால் மாடோமோ. விளம்பரமும் செய்தால் கூகுள்.

லாக் மட்டும் அறிந்த ரகசியம்

கோஅக்ஸஸ், லாக் கோப்பை டெர்மினல் என்ற கட்டளைத் திரையிலேயே படித்து அட்டவணையாக விரிக்கும். பிரவுசர் வழிக் கருவிகள் காணாத மூன்றை அது காணும்: பாட்கள் (தாமாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்), பிழைகள், ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் போய்விட்டவர்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்போரும் லாக்கிலிருந்து தப்புவதில்லை. எந்தப் பழைய முகவரிக்கு நூற்றுக்கணக்கில் 404 ('பக்கம் இல்லை' என்ற பதில்) போகிறது, எந்த நேரத்தில் சர்வர் கோளாறைக் காட்டும் 500 பிழைகள் குவிகின்றன என்பதெல்லாம் இங்கே ஐந்து நிமிடத்தில் தெரியும். பாட்களைக் கழிக்காமல் வருகை எண்ணிக்கையைச் சொன்னால் அது வெறும் வீக்கம். முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து கொடுக்கும் சேவை) இருந்தால் அங்கேயே பதில் பெற்றுப் போனவர்கள் உங்கள் சர்வரின் லாக்கில் விழமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பாட்களைக் கழித்த பிறகு லாக் சொல்லும் பக்க எண்ணிக்கைக்கும் ஸ்கிரிப்ட் சொல்லும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் குறித்து வாருங்கள். ஒரு பகுதி தடுப்பான்களால் வருவது. அது பெரிதாக ஏறி இறங்காது. ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி திடீரென்று விரிந்தால், அந்தப் பக்கம் திறப்பதற்குள் மக்கள் போய்விடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வேகத்தை யார் சொல்வது?

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனைப் பக்கத்தில் இரண்டு தகவல்கள் மேலும் கீழுமாக வரும். கீழே இருப்பது லைட்ஹவுஸ் மதிப்பெண்: நடுத்தரக் கைப்பேசி, மெதுவான இணைப்பு என்று பாவனை செய்து ஒரே ஒரு முறை ஓட்டிய சோதனை. மேலே இருப்பது உண்மையான குரோம் வாசகர்கள் கடந்த 28 நாளில் பெற்ற அனுபவம். எல்லோரும் கீழே உள்ள 100-ஐத் துரத்துகிறார்கள். பார்க்க வேண்டியது மேலே.

அங்கே மூன்று எல்லைகள். முக்கிய உள்ளடக்கம் தெரிய 2.5 விநாடி, தட்டலுக்குப் பதில் கிடைக்க 200 மில்லிவிநாடி, திறக்கும்போது பக்கத்தில் உள்ளவை இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1. வருகைகளில் நான்கில் மூன்று பங்கு இந்த எல்லைக்குள் இருந்தால் தேறியது. இதிலும் எண்ணும் இடத்தின் குறுக்கம் உண்டு: ஐஃபோனில் ஓடும் குரோம்கூட இதில் சேராது. நம் வாட்ஸ்அப் வாசகி எவ்வளவு காத்திருந்தார் என்பது இந்தப் புள்ளிவிவரத்தில் இல்லவே இல்லை. வருகை குறைந்த தளங்களுக்கு இந்தத் தரவே கிடைக்காது. அப்போது லைட்ஹவுஸ்தான் கதி. இல்லையெனில் வெப்-வைட்டல்ஸ் என்ற சிறு நிரலைச் சேர்த்து, அளவுகளை நம் அலசல் கருவிக்கே அனுப்பலாம்.

லைட்ஹவுஸ் வீண் என்பதில்லை. காரணம் தேடும்போது அதுதான் கைகொடுக்கும். அடிக்கடி சிக்கும் ஒன்று: எல்லாப் படங்களையும் பிறகு ஏற்றும்படி ஒரு பிளக்இன் குறியிட்டுவிடும். முதல் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டிய பெரிய படமும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் குறியை நீக்கி முன்னுரிமை கொடுத்தால் தாமதம் கண்கூடாகக் குறையும்.

சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஜகரையாஸ் 2012-இல் எழுதிய அனுபவம் ஒன்றுண்டு. 1.2 மெகாபைட் இருந்த வீடியோ பக்கத்தை 98 கிலோபைட்டாகக் குறைத்து வெளியிட்டார். சராசரித் தாமதம் குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மெதுவான இணைப்புள்ள பகுதிகளில், முன்பு 20 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்ததால் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், இப்போது இரண்டு நிமிடத்தில் பக்கம் திறப்பதால் திரளாக வந்திருந்தார்கள். அவர்கள் வருகையே சராசரியை ஏற்றியது. பிரவுசருக்குள் நின்று எண்ணும் கருவிக்கு, வராதவர்கள் கணக்கில் இல்லை.

துணைக் கருவிகள்

சர்ச் கன்சோலுக்குப் போட்டியே கிடையாது. தேடல் முடிவில் நம் பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை 16 மாதத்துக்குக் காட்டும். அதிகம் தோன்றியும் தட்டப்படாத சொற்களை வடிகட்டி, அந்தப் பக்கங்களின் தலைப்பை மாற்றிப் பாருங்கள்.

கிளாரிட்டி வாசகரின் சுட்டி அசைவையே படமாக ஓட்டிக் காட்டும். பொத்தான் போலத் தெரியும் ஒரு படத்தை ஒருவர் ஆத்திரத்தோடு பத்து முறை தட்டுவதை ஒரு தடவை பார்த்தால் போதும், வடிவமைப்பாளரோடு வாதாட வேறு சான்று வேண்டாம். ஆனால் பிறர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் வேலை இது. படிவங்கள் உள்ள பக்கங்களில் வாசகர் நிரப்புவதை மறைக்கும் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, சிக்கல் தீரும்வரை மட்டும் ஓடவிடுங்கள்.

ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதாக இருந்தால், பழையதை அன்றே கழற்ற வேண்டாம். ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். எந்த எண் எத்தனை விகிதத்தில் வேறுபடுகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டின் வரைபடங்களையும் ஒட்டி ஒரே கோடாக மட்டும் வரைந்துவிடாதீர்கள். ஒட்டிய இடத்தில் தெரியும் சரிவுக்கு, தளத்தில் எதுவும் நடக்காமலே காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.