பி12 குறைபாடு: மாத ஊசியா, தினசரி மாத்திரையா?

ரசம் சாதம் நாக்கில் எரிந்ததுதான் தொடக்கம். மிளகு கூடிவிட்டது என்று மனைவியிடம் இரண்டு நாள் குறைபட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் தயிர் சாதமும் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு வழவழவென்று, தோலுரித்த தக்காளி போலச் சிவந்திருந்தது. கூடவே உள்ளங்காலில் ஒரு மதமதப்பு. பரிசோதித்ததில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு மில்லிலிட்டருக்கு 138 பிகோகிராம் என்று வந்தது. பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் 200-க்குக் கீழே போனாலே குறைவு என்று அடிக்கோடிடும்.

எனக்கு மூன்று காரணங்களும் ஒருங்கே வாய்த்திருந்தன. பிறந்ததிலிருந்து சைவம். சர்க்கரைக்காக ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கு வேண்டும்போதெல்லாம், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். முதலாவது வரவையே குறைத்தது. மற்ற இரண்டும் வந்த கொஞ்சத்தையும் உள்ளே விடவில்லை.

மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு ஊசிகள் போட்டார். அதன்பின் மாதம் ஒன்று, வாழ்நாள் முழுக்க என்றார். ஓராண்டுக்கும் சற்று மேலாக அந்த வழியில் போய்விட்டு, அவரிடமே கேட்டுக்கொண்டு தினமும் 1500 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாறினேன். மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதே வீட்டில் என் அம்மா இன்னும் ஊசியில்தான் இருக்கிறார். ஆகவே இரண்டு வழிகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என் சாய்வு மாத்திரைப் பக்கம். ஏன் என்பதைச் சொல்லும் முன், ஊசிக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன்.

வேகத்தில் ஊசியோடு போட்டி போட நான் மாத்திரையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நாக்கு பத்தே நாளில் சரியானது. உள்ளங்கால் தெளிய ஐந்து மாதம் பிடித்தது. நரம்பு எப்போதும் நிதானமாகத்தான் திரும்பும், சில நேரம் முழுக்கத் திரும்புவதும் இல்லை. அதனால்தான் நடை தள்ளாடுவது, கால் தரையில் படுவது தெரியாமல் போவது, நினைவு தடுமாறுவது என்று நரம்பு தொட்ட அறிகுறிகள் இருந்தால் மருத்துவர்கள் யோசிக்காமல் ஊசியை எடுக்கிறார்கள். பிரிட்டனில் நரம்பு பாதிப்பு உள்ளவர்களுக்கு, மேற்கொண்டு முன்னேற்றம் இல்லை என்னும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போடுவதே முறை. எனக்கு வந்தது லேசான மதமதப்புதான். அதைவிடக் கடுமையானதை மாத்திரை மட்டும் வைத்துச் சமாளித்த அனுபவம் எனக்கு இல்லை. அப்படிச் செய்து பாருங்கள் என்று எவரிடமும் சொல்லவும் மாட்டேன்.

வலி, செலவு இரண்டையும் நீட்ட ஒன்றுமில்லை. அந்தச் சிவப்பு மருந்து இடுப்பில் இறங்கும்போது ஒரு நிமிடம் எரியும், அவ்வளவுதான்.

மாத்திரை வேலை செய்யுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. "உள்ளே ஏறாமல்தானே குறைபாடே வந்தது, மறுபடி வாய் வழியாகவே கொடுத்தால் எப்படி ஏறும்?" என்று என் மைத்துனர் மடக்கினார். நியாயமான கேள்வி. பி12 குடலில் ஏற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது முறையான வழி: இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்கும். இது கல்யாணப் பந்தி மாதிரி. ஒரு வேளைக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம் உட்கார்ந்தால் இலை தீர்ந்துவிடும். இரண்டாவது கொல்லைப்புற வழி: எவர் துணையும் இல்லாமல், விழுங்கியதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். ஆயிரத்து ஐந்நூறில் நூற்றில் ஒன்று என்றால் 15 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையோ இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். முன்வாசல் முழுக்க அடைபட்டிருந்தாலும் கொல்லைப்புறம் வழியாக வருவதே தேவையைத் தாண்டிவிடுகிறது.

இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. பாலிலும் முட்டையிலும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். மாத்திரையில் அது தனியாகவே இருக்கிறது.

ஆனால் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். அசதி என்றதும் மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கும் பி காம்ப்ளெக்ஸ் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம்தான் இருக்கும். பந்தியில் இடம் இருப்பவருக்கு அது பயன்படலாம். இடம் இல்லாதவருக்குக் கொல்லைப்புறமாகப் போகப்போவது அதில் நூற்றில் ஒன்று. என் பக்கத்து வீட்டுக்காரர் அதை இரண்டு ஆண்டுகள் விழுங்கிவிட்டு "மாத்திரை எடுபடவில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊசிதான் அசல் வைத்தியம், மாத்திரை பிறகு வந்த சோம்பேறி வழி என்ற எண்ணமும் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. பி12 ஏறாமல் வரும் ரத்தசோகை ஒரு காலத்தில் ஆளையே கொண்டுபோகும் நோய். 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தே நோயாளிகளை எழுப்பி உட்கார வைத்தார்கள். 1934-ல் விப்பிளோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். அதுவும் வாய் வழி வைத்தியம்தானே. ஈரலுக்குள் இருந்த பொருள் பி12 என்று பிரித்தெடுக்கப்பட்டது 1948-ல்தான். 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தினமும் 2 மில்லிகிராம் மாத்திரை விழுங்கியவர்கள், நான்கு மாதம் கழித்து, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறைவில்லாமல் இருந்தார்கள். மொத்தம் முப்பத்து மூன்றே பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவீடனில் மாத்திரை பல பத்தாண்டுகளாகச் சாதாரண வழக்கம்.

சரி, இரண்டும் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். என் முடிவைத் தீர்மானித்தது மருந்தின் வீரியம் அல்ல. இதை ஆயுள் முழுக்க நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பதுதான்.

மாத ஊசியில் முதல் ஐந்து மாதம் தவறவில்லை. ஆறாம் மாதம் தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் விடுப்பில் போயிருந்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வந்தேன். அடுத்த வாரம் தீபாவளி. அதற்கடுத்து மகளின் வளைகாப்பு. பிறகு மருந்து வாங்கிவந்து அலமாரியில் வைத்தேன். போட ஆள் வாய்க்கவில்லை. ஒருநாள் அலமாரி துடைக்கும்போது அந்தப் பழுப்பு நிறக் குப்பியைப் பார்த்துக் கணக்குப் போட்டால், ஏழு மாதம் ஓடிப்போயிருந்தது. சோதித்ததில் 190.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நான்கு நாள் விட்டால் மானியில் தெரியும். இன்சுலினை விட்டால் மறுநாளே சர்க்கரை காட்டிக் கொடுக்கும். பி12 அப்படி எதுவும் சொல்லாது. நன்றாக நிரம்பிய உடலில் இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும், பெரும்பகுதி கல்லீரலில். அது பல ஆண்டுகளுக்குத் தாங்கும். என்னைப் போல வற்றிப்போய் ஆறு ஊசியில் எழுந்தவனுக்குச் சேமிப்பு அவ்வளவு இருக்காது. ஆனால் "நன்றாகத்தானே இருக்கிறோம்" என்ற நினைப்பு மட்டும் அதே அளவுக்கு இருக்கும். தவறுவதற்கு இவ்வளவு சௌகரியமான மருந்து வேறில்லை. போதாக்குறைக்கு, ஒரே வேளையில் ஏற்றும் ஊசி மருந்தில் கணிசமான பங்கு ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடுகிறது.

மாத்திரையில் ஒருநாள் தவறினால் ஒருநாள்தான் தவறும். மெட்ஃபார்மின் இருக்கும் அதே டப்பாவில் இது கிடக்கிறது. ஒன்றை எடுக்கக் கை போனால் மற்றதும் வந்துவிடுகிறது. நர்ஸ் விடுப்பு, கிளினிக் நேரம், ஆட்டோ எதுவும் நடுவில் வராது. மாறிய ஆறாம் மாதம் அளவு 612.

அப்படியானால் அம்மாவை ஏன் மாற்றவில்லை? மாற்றிப் பார்த்தோம். எழுபத்தெட்டு வயது, கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தோம். துளசி மாடத்துக்குப் பின்னால் ஒருநாள் பதினொரு மாத்திரைகள் கிடைத்தன. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போகிறார். அவருக்குக் காபி கலக்க வேண்டும் என்று அம்மா முந்தின நாளிலிருந்தே நினைவூட்டிக்கொண்டிருப்பார். நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க முடிகிற வீட்டில் ஊசிதான் மேல். குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அவர்கள் மருத்துவர் சொல்வதன்படி போவதுதான் சரி.

மூன்றாவது வழியாக உணவைச் சொல்வார்கள். குறைபாடு வராமல் காக்கப் பாலும் தயிரும் உதவும். 138-லிருந்து ஏறி வர உதவாது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்ற செய்தியை எனக்கு ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். பழைய சோறு எனக்குப் பிடிக்கும், அதற்காக அதை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளிக்கும், நம் உடலுக்குப் பயன்படாத வேறொன்று. எந்த வழியில் போனாலும், பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாக விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள். அது ரத்தத்தைச் சரிசெய்துவிடும். அறிக்கை அழகாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும்.

என் வழியிலும் ஓட்டை உண்டு என்பதால் வாங்கிய தேதியை அட்டையின் பின்னால் எழுதி வைக்கிறேன். பத்துப் பத்தாக மூன்று அட்டைகள், முப்பது நாளில் தீர வேண்டும். சென்ற முறை முப்பத்து நான்கு நாள் வந்தன.