வீட்டில் வைத்துத் தேற்ற எது தோது: ஜிப்சியா, எம்எம் 540-ஆ?

பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்றை வாங்கிப் போட்டு, கையில் காசு சேரச் சேர வீட்டு போர்டிகோவிலேயே தேற்றி எடுக்க நினைப்பவர்கள் நம் ஊரில் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இரண்டு வண்டிகளிடம்தான். ஒன்று மாருதி ஜிப்சி, இன்னொன்று மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப். இரண்டிலும் சேஸிஸ் தனி, பாடி தனி. முன்னும் பின்னும் கமான்பட்டை (லீஃப் ஸ்பிரிங்). வேண்டும்போது லீவரைத் தள்ளிச் சேர்க்கிற ஃபோர்வீல்.

இரண்டையும் ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் எது நன்றாக மலையேறும் என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை ஜிப்சி. எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சேற்றிலும் மணலிலும் அந்த லேசான உடம்பு செய்கிற உதவியை எந்த இஞ்சினாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் வீட்டில் வைத்துத் தேற்றுகிறவருக்கு முக்கியமான கேள்வி வேறு. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் வண்டி எத்தனை நாள் பிரிந்து கிடக்கும்? அதில் எவ்வளவு வேலை ஜாக்கியும் ஸ்பானரும் வைத்து நாமே முடிக்கக்கூடியது, எவ்வளவு வெளியே போக வேண்டியது? இப்படி யோசித்தால் தராசு வேறு பக்கம் சாய்கிறது.

தகரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பணமும் நாளும் அதிகம் கரைவது அங்கேதான். ஜிப்சியின் தகரம் மெல்லியது, வளைவுகளோடு அச்சில் அழுத்தி எடுத்தது. பின் சக்கர வளைவின் உள்பக்கம், கால் வைக்கும் தரை, பாடியைச் சேஸிஸோடு பூட்டும் இடங்கள், கண்ணாடி ஃபிரேமின் அடிப்பகுதி, இந்த நான்கிலும் துரு பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கிற வண்டியின் தரை விரிப்பைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகிறதா என்று பாருங்கள். பின் வளைவில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது தகரமல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. அந்த வளைவைப் பழைய வடிவத்துக்கு அடித்துக் கொண்டுவர நல்ல கைப்பழக்கமுள்ள டிங்கர் வேண்டும், இல்லையென்றால் கம்பெனி பேனல் தேடி அலைய வேண்டும்.

எம்எம் 540-இன் பாடி வில்லிஸ் ஜீப் வழிவந்த நேர்க்கோட்டு உடம்பு. பெரும்பாலும் தட்டையான பலகைகள், சில மடிப்புகள். துரு இதிலும் உண்டு. தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவப் பட்டைகளுக்குள் சேறு போய் உட்கார்ந்துவிடும், அங்கிருந்து மேலே அரித்துக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகரம் மடித்து வைப்பது சின்ன ஊர்ப் பட்டறையிலும் நடக்கிற வேலை. வெல்டிங் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பாடி மொத்தமும் போய்விட்டாலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப் கட்டுவது ஒரு ஊர்த்தொழிலாகவே இருக்கிறது. தகரக் கணக்கில் சந்தேகமே இல்லாமல் ஜீப்தான்.

இஞ்சினில் ஜிப்சி பல முகம் காட்டும். 1985 டிசம்பரில் வந்தபோது 970 சிசி, 45 குதிரைத்திறன். 1996-இல் ஜிப்சி கிங் 1298 சிசியோடு வந்தது. 2000-இல் அதுவே எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) ஆகி 80 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. 2019 வரை பொதுமக்களுக்கு விற்றார்கள். வாங்குவதானால் எம்பிஎஃப்ஐ வண்டியைத்தான் சொல்வேன். எஸ்டீம் காரிலும் இதே குடும்ப இஞ்சின்தான், ஆகவே சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டிச் சாமான் விற்கிற இடங்களில் தேடினால் சாமான் கிடைக்கும். அலுமினிய பிளாக், இரண்டு பேர் சேர்ந்தால் இறக்கிவிடலாம். பழைய 970 வண்டியின் கார்புரேட்டரும் ரப்பர் ஹோஸ்களும் இப்போது பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. அதை வாங்கினால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் அத்தனையையும் மாற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்எம் 540-இல் பெஜோ என்ற பிரெஞ்சு கம்பெனியின் 2112 சிசி எக்ஸ்டிபி டீசல் இஞ்சின். 62 குதிரைத்திறன் என்று கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் முழு இழுவை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு அருகிலேயே வந்துவிடும், ஜிப்சி அதற்கு 4500 வரை முறுக்க வேண்டும். கல்லும் குழியுமான ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஊர்ந்து போகிற சுகம் டீசலில்தான். இது வார்ப்பிரும்புக் கட்டை, செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) இல்லாமல் அசைக்க முடியாது, போர்டிகோவின் உத்தரம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சுகிற பம்ப், நாசில் இரண்டையும் வீட்டில் தொடவே கூடாது, பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும். மற்றபடி ஒயரிங் என்று பார்த்தால் ஹீட்டர் பிளக், ஸ்டார்ட்டர், விளக்குகள், அவ்வளவுதான். ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். எம்பிஎஃப்ஐ ஜிப்சியில் சென்சாரும் ஈசியூ என்ற கம்ப்யூட்டரும் இருப்பதால், எலி கடித்த ஒயரிங்கோடு வருகிற வண்டி மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும்.

ஜிப்சி தெளிவாக ஜெயிக்கிற ஒரு இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் வைத்துத் தனியாகச் சேஸிஸில் தொங்குகிறது. ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் மவுண்டுகளை அவிழ்த்தால் அது மட்டும் கையில் வந்துவிடும். காலையில் இறக்கி, ஆயில் சீல் மாற்றி, மாலையில் ஏற்றிவிடலாம். பழைய ஜீப்புகளில் வருகிற ஸ்பைசர் 18 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியே இருக்கும். அதன் நடு ஷாஃப்ட்டும் அது உட்கார்கிற துளையும் தேய்ந்துவிட்டால் எத்தனை முறை சீல் போட்டாலும் ஆயில் ஒழுகும். லேத்தில் கொடுத்துத் துளையைச் சரி செய்த பிறகுதான் நிற்கும்.

முன் ஆக்ஸிலில் இரண்டும் ஒரே ரகம், நோயும் ஒன்றே. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வீல் பேரிங்கை இறுக்கியும் ஆட்டம் இருந்தால் கிங்பின் (சக்கரம் திரும்புகிற அச்சு) பேரிங் போயிருக்கிறது. அதோடு ஓட்டினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும்.

அப்புறம் மேம்படுத்துகிற ஆசை. பெரும்பாலோர் முதலில் பெரிய டயரும், வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட்டும் வாங்குகிறார்கள். ஜீப்பில் அது தப்பான வரிசை என்று அழுத்திச் சொல்வேன். பழைய ஜீப்பில் நாலு பக்கமும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சர்க்யூட்டாக இருந்தால், எங்காவது ஒரு பைப் விட்டுப்போன நொடியில் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. மலையிறக்கத்தில் அதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், முன்பக்கம் டிஸ்க், அதற்குப் பிறகு ஸ்டீயரிங், அதற்கும் பிறகுதான் டயர். ஜிப்சி கிங்கில் முன் டிஸ்க் கம்பெனியிலிருந்தே வருவதால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் 1.3 லிட்டர் இஞ்சினில் பெரிய டயர் போட்டால் ஐந்தாவது கியர் சும்மா பேருக்குத்தான் இருக்கும். கமான்பட்டையின் ஷாக்கிள் புஷ்களை மாற்றி, பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே இரண்டு வண்டியின் ஓட்டமும் ஆளே மாறியதுபோல் ஆகும். செலவு சொற்பம், நம் கையாலேயே செய்யலாம்.

காகித விஷயத்தில் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஐந்து வருடம் கிடைக்கும். 20 வயது தாண்டிய கார், ஜீப் வகைகளுக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. எம்எம் 540 வாங்குகிறவர் இதைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பு, வேறு இஞ்சின் ஏற்ற நினைப்பவர்களுக்கு நேராகவே பொருந்தும். எக்ஸ்டிபி இருந்த இடத்தில் எக்ஸ்டிபியையே தேற்றி வைப்பதுதான் நிம்மதி. ராணுவ ஏலத்தில் போகும் ஜிப்சிகள் விலை குறைவு, இஞ்சினும் பெரும்பாலும் ஒழுங்காகவே பராமரிக்கப்பட்டிருக்கும். ஆனால் அவற்றைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். விடுவிப்பு ஆவணங்கள் முழுசாகக் கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜோங்காவையும் சிலர் கேட்பார்கள். ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த, நிசான் பேட்ரோல் வழிவந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி அது. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கிட்டத்தட்ட நாலு லிட்டர் இஞ்சினின் பெட்ரோல் செலவும் சாமான் தேடலும் முதல் வண்டியாக அதைத் தொடுகிறவரைக் களைத்துப்போக வைத்துவிடும்.

என் தேர்வு எம்எம் 540. தகரமும் ஒயரிங்கும் நம் கைக்கு அடங்குகின்றன, ஒரு வேலையை முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அடுத்த வேலையை எடுக்கலாம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஓடுகிற போடி, கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு மஹிந்திரா தெரிந்த மெக்கானிக்கும் தெருவிலேயே கிடைப்பார். வாரக் கடைசியில் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையிலும் போய்வர வேண்டும், வீட்டில் டீசல் சத்தத்துக்குச் சம்மதம் இல்லை என்றால் தகரம் கெடாத எம்பிஎஃப்ஐ ஜிப்சி கிங் எடுங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்கிற விலையைக் கொடுக்கலாம், அந்தப் பணம் டிங்கரிங் கூலியில் திரும்பி வந்துவிடும்.