முப்பட்டை அரமா, குழிமுக அரமா?

சமன்செய்தபின் தட்டையாகிவிடும் கிட்டார் ஃப்ரெட்டின் (விரல் வைத்து வாசிக்கும் விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) தலையை மீண்டும் வளைவாக்க, ராயபுரத்திலும் பெரம்பூரிலும் தேவாலயப் பாடற்குழுக்களின் கிட்டார்களைப் பழுதுபார்ப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முப்பட்டை அரம் மலிவானது. ஆனால் அதன் விளிம்புகளைச் சாணை பிடித்து மழுக்காவிட்டால், விரற்பலகையில் நாடா ஒட்டியிருந்தாலும் மரத்தில் கீறல் விழும். ஃப்ரெட்டின் உச்சியில் மார்க்கரால் மை பூசி, இருபுறமும் சரிவாக அராவி, நடுவில் மயிரிழை அளவு மைக்கோடு எஞ்சும்போது நிறுத்த வேண்டும். அக்கோடு அழிந்துபோனால் உயரம் குறைந்து, அங்கே அழுத்தும் கம்பி அடுத்த ஃப்ரெட்டில் உரசி இரையும். கை பழக நாளாகும் என்றாலும், எந்த அகலத்துக்கும் இந்த ஒரே அரம் போதும் என்பதால் என் தேர்வு இதுவே.

குழிமுக அரம் வளைவை விரைவில் தருகிறது. அதன் குழிவு ஃப்ரெட்டின் அகலத்தோடு பொருந்துவது அவசியம். பெயரில் மட்டுமே வெள்ளியுள்ள 'நிக்கல் சில்வர்' ஃப்ரெட்டை (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது) எஃகுப் பற்களே அராவிவிடும். துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட்டுக்கு வைரத்தூள் பதித்ததே ஏற்றது. காசிமேட்டுக் கடற்காற்றில் எஃகு அரங்கள் எளிதில் துருவேறுவதால், அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

எதனால் அராவினாலும், 400 முதல் 1000 எண் வரையிலான உப்புத்தாளால் தேய்த்த பின்னரே கம்பி வழுக்கும்.