சதுர அடிக்கு 60 ரூபாய் மிச்சம்: மாடி ஷீட் கூரையோடு ஆறு வருடம்

கடலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 2018 கோடையில் ஷீட் கூரை போட்டோம். சுமார் 800 சதுர அடி. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, மற்றவர்களைவிடச் சதுர அடிக்கு 60 ரூபாய் குறைத்துச் சொன்னவரிடம் அப்பா வேலையைக் கொடுத்தார். "எல்லாம் ஒரே ஷீட்டுதான் சார், மத்தவங்க கம்பெனிப் பேருக்குக் காசு வாங்குறாங்க" என்றார் அவர். மொத்தத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். 2024 புயலுக்குப் பிறகு அதை முழுசாகப் பிரித்துவிட்டு வேறு கூரை போட்டாயிற்று.

முதல் இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ் வீட்டில் சூடு நன்றாகவே குறைந்தது, மழை நாளிலும் துணி காய்ந்தது. வடாம் போட வெயில் இல்லை என்பதுதான் அம்மாவின் ஒரே புகார்.

அப்புறம் ஒழுகல் ஆரம்பித்தது. எல்லாம் ஸ்க்ரூ போட்ட இடத்தில். ஏறிப் பார்த்தால் வாஷர்கள் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்தன. நகத்தால் சுரண்டினால் கரித்தூளாக உதிர்ந்தது. வெயிலைத் தாங்குகிற இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வாஷருக்குப் பதில் சாதா ரப்பர். ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டிய ஸ்க்ரூ பாதிக்கு மேல் பள்ளத்தில் இறங்கியிருந்தது. தண்ணீர் ஓடுகிற வழியே பள்ளம்தான் என்பதால் ஓட்டை எங்கே என்று தேடவே வேண்டியதில்லை. சிலிகான் வைத்து அடைத்தோம். அடுத்த மழைக்குப் பக்கத்து ஸ்க்ரூ ஒழுகியது.

ஷீட் மேலேயும் கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி துருப் புள்ளிகள். கால்வால்யூம் ஷீட் துருப்பிடிக்காது என்பார்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு மேலே இருக்கிறவரைக்கும் அது சரி. எங்கள் ஷீட்டுகளைக் கட்டிங் மெஷினில் அறுத்தார்கள். அந்தச் சூட்டில் விளிம்புப் பூச்சு கருகிவிடும். பறக்கிற நெருப்புப் பொறி ஷீட்டில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலேயே துருவாகும். ஷீட் கத்திரி அல்லது தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளர் வைத்து வெட்டி, துளை போட்ட இரும்புத் தூளை அன்றன்றைக்கே பெருக்கித் தள்ள வேண்டும். கடல் பக்கத்து ஊர் என்றால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கீழே படுக்கையறை சீலிங்கிலும் ஈரம் இறங்கியது. தூண்களின் அடித்தகடான பேஸ் பிளேட்டைத் தட்டோட்டின் மேலேயே வைத்து போல்ட் அடித்திருந்தார்கள். அந்த இடத்துத் தட்டோடுகளை எடுத்துவிட்டு, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறக்கி, சுற்றிலும் சின்னதாக மேடை கட்டிப் பூசினால்தான் தண்ணீர் இறங்காது. இதில் ஓரத்துத் தூண் நாலுக்கு பேஸ் பிளேட்டே கிடையாது. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்தியிருந்தார்கள்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 90 கி.மீ. வரை வீசலாம் என்று எச்சரித்திருந்தார்கள். மூலையில் முதலில் ஒரு ஷீட் படபடவென அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஓர வரிசை முழுக்கப் பிய்த்துக்கொண்டு எழும்பியது, கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டது. ஷீட் கூரையைக் காற்று மேலிருந்து அமுக்குவதைவிட, மேலே உறிஞ்சி இழுத்தும் கீழே புகுந்தும் தூக்குவதுதான் பெரிய ஆபத்து. ஓரத்திலும் மூலையிலும்தான் அந்த இழுப்பு அதிகம், அதனால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போட வேண்டும். நம் கடற்கரையில் கட்டிடங்கள் தாங்க வேண்டிய காற்றைக் கணக்கிட இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகம் பாதி என்றால் அழுத்தம் கால் பங்குதான். தாங்க வேண்டியதில் கால் பங்குக்கே எங்கள் கூரை எழுந்துவிட்டது.

அந்த 60 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பழைய இரும்புக் கடைத் தராசில்தான் தெரிந்தது. கொட்டேஷனில் ஷீட் 0.50 மி.மீ. என்று இருந்தது. அந்தத் தடிமனில் வழக்கமான அகலத்துப் பத்தடி ஷீட் 14 கிலோ பக்கம் இருக்கும். எங்களுடையது பத்து கிலோகூட வரவில்லை, கிட்டத்தட்ட 0.35 கணக்கு. குழாயிலும் அதே கதை. இரண்டு அங்குலச் சதுரக் குழாய் 2 மி.மீ. தடிமனில் 20 அடி நீளத்துக்கு 18 கிலோ வரும், 1.2 மி.மீ. என்றால் 11 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நம்மிடம் சதுர அடிக்கு விலை பேசுகிறார்கள், அவர்கள் இரும்பு வாங்குவது கிலோவுக்கு. கூலியில் யாரும் அவ்வளவு குறைத்துவிட முடியாது. வெல்டரின் தினக்கூலி ஊர் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஆக விலை இறங்குகிற வழி எடை ஒன்றுதான்.

கூரை போட்டவரைக் கூப்பிட்டுப் பார்த்தோம், புயலுக்கு யார் சார் பொறுப்பு என்றார். ஜிஎஸ்டி பில் இல்லாததால் ஷீட் கம்பெனியிடம் வாரண்டி கேட்கவும் வழியில்லை.

2025ல் புதுக் கூரை. இந்த முறை ஷீட் தடிமன், குழாய்த் தடிமன், எத்தனை கிலோ இரும்பு, எந்த ஸ்க்ரூ என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினோம். 0.50 என்பது பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்பதையும் கேட்டுவிடுங்கள், அங்கேயும் ஒரு விளையாட்டு நடக்கும். லாரி வந்ததும் எடைச்சீட்டு. தூண்களைக் கீழ் வீட்டு பில்லருக்கு நேர் மேலே நிறுத்தினார்கள். குழாயில் வெல்டிங் பட்ட இடமெல்லாம் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்த பிறகுதான் ஷீட் ஏறியது.

பத்து சதவீதப் பணத்தை மட்டும், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தருகிறோம் என்று நிறுத்தி வைத்தோம். புதியவருக்கு அது பிடிக்கவில்லை, பேசிப் பேசித்தான் சம்மதித்தார். அக்டோபர் மழையில் முகட்டுத் தகட்டுப் பக்கம் ஒரு இடம் ஒழுகியது. போன் செய்த மறுநாளே ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார்.