டாட்ஜ் எம்37 கூலிங் கிட்: குழாய்க்காக வாங்கலாம், புல்லியை நம்ப வேண்டாம்

அமெரிக்க ராணுவத்துக்காக 1951 முதல் 1968 வரை டாட்ஜ் தயாரித்த முக்கால் டன் எம்37 டிரக்குக்கு, பழைய ராணுவ வண்டிப் பாகங்கள் விற்கும் கடைகளில் கூலிங் கிட் மொத்தமாகவே கிடைக்கிறது. வாட்டர் பம்புக்கான பேரிங், தண்ணீர் கசியாமல் தடுக்கும் கார்பன் சீல், தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர், கேஸ்கெட், என்ஜின் பிளாக்குக்குள் போகும் பித்தளைக் குழாய், தெர்மோஸ்டாட், இரண்டு பெல்ட், ஒரு ஃபேன் புல்லி. இவ்வளவும் ஒரே பெட்டியில்.

பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்குத்தான். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் இந்த 230 கன அங்குல சைடு வால்வ் என்ஜின் சூடேறினால் எல்லாரும் ரேடியேட்டர்மேல்தான் பழி போடுவார்கள். ஆனால் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் தட்டைக் குழாய்தான் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளுக்குக் குளிர்ந்த தண்ணீரைப் பங்கிடுகிறது. பழைய இரும்புத் தகட்டுக் குழாய் துருப்பிடித்து முன்பக்கம் ஓட்டையானால், தண்ணீர் முன் சிலிண்டர்களோடு திரும்பிவிடும். பின்னாலுள்ள ஐந்தாம், ஆறாம் சிலிண்டர்கள் வேகும். டேஷ்போர்டு மீட்டர் ஓரிடத்து வெப்பத்தைத்தான் காட்டும் என்பதால் அதை நம்ப வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஹெட்டின் (பிளாக்கின் மேல்மூடி) முன்னிருந்து பின்வரை பிடித்துப் பாருங்கள். பின்னால் போகப்போகச் சூடு தெளிவாக ஏறினால் குழாய் போய்விட்டது.

ஆர்டர் கொடுக்கும் முன் ஹெட்டின் நீளத்தை அளந்துவிடுங்கள். டாட்ஜ் குடும்பத்து ஆறு சிலிண்டர் என்ஜின்களில் சுமார் 23 அங்குலம், 25 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. ஒன்றின் குழாய் மற்றதற்குச் சேராது.

கழற்றுவதுதான் பாடு. ரேடியேட்டர், ஃபேன், பம்ப் மூன்றும் வெளியே வந்தால்தான் குழாயை இழுக்க இடம் கிடைக்கும். நுனி வளைத்த கம்பியைத் துளையில் மாட்டி, ஸ்லைடு ஹேமரால் (தண்டில் வழுக்கும் எடையால் தட்டி இழுக்கும் கருவி) சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் பாதி உள்ளேயே முறிந்து தங்கும். பிறகு துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியதுதான். பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றி, அந்தத் துளையில் கம்பி விட்டுச் சேற்றைக் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். புதுக் குழாயின் துளைகள் வால்வ் பக்கம் பார்க்க வேண்டும். முன் விளிம்பு பிளாக் முகத்தைவிட்டுத் துருத்தினால் பம்ப் கேஸ்கெட் கசியும்.

பம்ப் பாகங்கள் தரமானவை. ஆனால் கூட வரும் தாளில் இம்பெல்லரை எவ்வளவு ஆழத்துக்கு அழுத்துவது என்றே இல்லை. பழையதைப் பிரிக்கும் முன் அந்த ஆழத்தை நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேரிங்கை உள்ளே தள்ளும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்கவும். ஃபேன் மாட்டும் ஹப்பை அழுத்தும்போது ஷாஃப்டின் மறுமுனைக்கு முட்டுக் கொடுக்காவிட்டால், முழு பாரமும் பேரிங் குண்டுகள்மேல் விழும். அந்தப் பேரிங் சீக்கிரமே இரையத் தொடங்கும்.

புல்லி விஷயத்தில் கிட் ஏமாற்றுகிறது. மெல்லிய தகடு; ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. பழைய புல்லியில் பெல்ட் ஓடும் காடி நன்றாக இருந்தால் அதையே துரு நீக்கிப் போடுவது மேல். வி பெல்ட் காடியின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் ஓட வேண்டும். அடிப்பகுதி பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று பொருள்; அந்தப் புல்லியைக் கழித்துவிடலாம். இந்த வண்டியில் 24 வோல்ட் ஜெனரேட்டரையும் பம்பையும் இரண்டு பெல்ட் சேர்ந்து ஓட்டுகின்றன. ஒரு காடி மட்டும் தேய்ந்தால் அதிலுள்ள பெல்ட் கீழிறங்கித் தளரும், சுமை முழுக்க இன்னொன்றின்மேல் ஏறும். ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றினாலும் இதே கதிதான். ஆகவே இரண்டும் ஒரே செட்டா என்று பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரும்பு ஸ்கேலை கிராங்க் புல்லி முகத்தில் வைத்து, ஃபேன், ஜெனரேட்டர் புல்லிகளும் நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். 1.5 மி.மீ.க்கு மேல் விலகினால் ஜெனரேட்டர் பிராக்கெட்டில் வாஷர் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் அமுங்கட்டும். அதற்கு மேல் முறுக்கினால் புதுப் பேரிங்குக்கு ஆயுசு குறைவு.

தெர்மோஸ்டாட்டை மாட்டுமுன் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி.

முதல் ஓட்டத்தில் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் சில சொட்டு விழலாம்; கார்பன் சீல் படியும்வரை அப்படித்தான். அதன் பிறகும் சொட்டினால் சீல் உட்காரும் முகத்தில் கீறல் இருக்கலாம். துளையை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.